ஒரு கூட்டாளி போதும்

மத்தியானம் சத்துணவு வாங்கிக்கொண்டு பிள்ளைகள் உட்காரும் நேரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பாருங்கள். தட்டை ஏந்தியபடி எங்கே உட்காருவதென்று தெரியாமல் ஒரு பிள்ளை நிற்கும். ஒரு கும்பலின் ஓரத்தில் போய் உட்காரும். அந்தக் கும்பல் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவியபின், மணி அடிக்கும்வரை குழாயடியிலேயே நின்று நேரத்தைக் கழிக்கும். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன போட்டாங்க?" என்று அம்மா கேட்பார். "சாம்பார்சாதம்" என்று பதில் வரும். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்க அவருக்குத் தோன்றாது. அந்தக் கேள்விக்குத்தான் அந்தப் பிள்ளையிடம் பெரிய பதில் இருக்கிறது.

"என்னைய யாரும் சேத்துக்க மாட்றாங்க" என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை குறைவு. திங்கட்கிழமை காலையில் வயிற்று வலி வரும். சனி, ஞாயிறு அந்த வலி இருக்காது. புதுப் பேனா வாரத்துக்கு ஒன்று தொலையும். பக்கத்துத் தெரு வழியாகப் போகிற பிள்ளை திடீரென்று சுற்று வழியில் வீடு வந்து சேரும். பத்து வயதுப் பையன் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மட்டும் விளையாடுவான். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணம். நாலைந்தும் சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

திட்டக்குடிப் பக்கத்தில் இதைக் கவனிக்கப் பெரியவர்களுக்கு நேரம் கிடைப்பதே கஷ்டம். கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடி இது. வெள்ளாற்றைத் தாண்டினால் வேறு மாவட்டம். மாவட்டத் தலைநகரோ கிழக்கே கடற்கரையில், பல மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது. அம்மா காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். சிலர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறைகளுக்குப் போகிறார்கள். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருப்பார். பிள்ளையின் அன்றாடத்தைப் பார்ப்பது பாட்டியும் பக்கத்து வீட்டுச் சித்தியும்தான். சோறு போட்டார்களா, வீட்டுப்பாடம் எழுதினானா என்பதுவரை அவர்கள் கண் போகும். மைதானத்தில் நடப்பது அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டுமே தெரியும்.

அதனால் பிரச்சினை வீட்டுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் முற்றிப்போய்த்தான் வருகிறது. சட்டை கிழிந்து வரும், அல்லது எதிர்வீட்டு அம்மா சண்டைக்கு வருவார். அப்போது நாம் சொல்கிற முதல் வாக்கியம் என்ன? "நீ என்னடா பண்ணுன?" அடுத்தது, "நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே?" வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வரும் அப்பா இன்னும் ஒரு படி மேலே போவார்: "ஆம்பளப் புள்ள அழுவக் கூடாது." பாட்டி, "அவன்கூடச் சேராத" என்று முடித்துவிடுவார். எல்லாமே பாசத்தில் வருகிற சொற்கள்தான். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது வேறு. தப்பு என்மேல், பலம் இல்லாதது என் குறை, அழுதால் அப்பாவுக்குப் பிடிக்காது. அடுத்த முறை அது சொல்லாது.

முதலில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் சம பலத்தோடு சண்டை போட்டு, இன்றைக்கு டூ விட்டு, நாளைக்குப் பழம் விடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதில் பெரியவர்கள் தலையிட்டால் பிள்ளைகள் ஒன்றாகிவிடுவார்கள், பெரியவர்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். யாரும் அடிக்காமல், திட்டாமல், ஒரு பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்காமலே விட்டுவிடுவது இரண்டாவது வகை. மூன்றாவது, துன்புறுத்தல். நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வேயஸ் 1970களிலிருந்து இதை ஆராய்ந்தவர். அவர் வகுத்த அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் இடையே பலத்தில் வேறுபாடு இருப்பது. 1982-ன் கடைசியில் அந்த நாட்டில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் அரசே முன்வந்து நாடு முழுக்கப் பள்ளிகளில் தடுப்பு முயற்சி தொடங்கியது. இது ஏதோ நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. உலகம் முழுக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர், கடந்த ஒரு மாதத்தில் ஒருமுறையாவது சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டிருக்கிறார் என்று 2019-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

மூன்று வகைக்கும் மருந்து வேறு. சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளையிடம் "திருப்பி அடி" என்று சொல்வதும், தினமும் அடி வாங்குகிற பிள்ளையிடம் "அனுசரிச்சுப் போ" என்று சொல்வதும் ஒரே அளவு கொடுமை. எது நடக்கிறதென்று கேட்டால்தான் தெரியும். போலீஸ் விசாரணை மாதிரி எதிரே உட்கார வைத்துக் கேட்டால் பதில் வராது. கடலை உரிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, இருட்டில் படுத்திருக்கும்போது வரும். பிள்ளையின் முகத்தை நாம் பார்க்காத நேரங்கள் அவை. "ஏன்?" என்று கேட்காமல், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். யார் எங்கே நின்றார்கள், முதலில் யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று காட்சியாகவே வாங்குங்கள். தீர்ப்பை அன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக் கேட்கும்போது சில நேரம் நம் பிள்ளையைப் பற்றியே புதிதாக ஒன்று தெரியவரும். அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாஜ் 1980-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அடிதடிக்குப் போகிற பையன்கள், தற்செயலா இல்லையா என்று தெளிவாகத் தெரியாததையும் வேண்டுமென்றே செய்ததாகப் படிக்கிறார்கள் என்று காட்டியது. வரிசையில் யாரோ இடித்துவிட்டால், "இடிச்சிட்டான்" என்பது ஒரு பிள்ளைக்கு. "என்னைய வேணும்னே இடிச்சான்" என்பது இன்னொரு பிள்ளைக்கு. இரண்டாவது பிள்ளை கை நீட்டும், அடிக்கிறவன் என்று பெயர் எடுக்கும், மற்றவர்கள் விலகுவார்கள், விலகுவதையும் பகை என்றே அது படிக்கும். உங்கள் பிள்ளை இந்த ரகமென்றால் அடித்துத் திருத்த முடியாது. வீட்டில் கை நீட்டினால், கை நீட்டுவதுதான் பதில் என்பது அதற்கு உறுதியாகிறது. "வேற எப்படி நடந்திருக்கலாம்?" என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு விளக்கம் சொல்லப் பழக்கலாம். ஊரார் பஞ்சாயத்துக்கு வந்து நிற்கும்போது அவர்கள் கண்ணெதிரே பிள்ளையை அடிக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது நியாயத்துக்காக அடிக்கிற அடி இல்லை, நம் மானத்துக்காக அடிக்கிற அடி. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இனி, ஆட்டத்தில் சேரத் தெரியாத பிள்ளை. இது கற்றுக்கொள்ளக்கூடிய திறமை என்பதே பல பெற்றோருக்குப் புதிய செய்தியாக இருக்கும். 1981-ல் மார்த்தா புத்தலாஸ், ஜான் காட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், விளையாடிக்கொண்டிருக்கும் குழுவுக்குள் புதிதாக நுழையும் பிள்ளைகளைக் கவனித்தார்கள். மற்றவர்களுக்குப் பிடித்த பிள்ளைகள், நடந்துகொண்டிருப்பதோடு ஒட்டிப் பேசி உள்ளே போனார்கள். பிடிக்காதவர்கள் தங்களைப் பற்றிப் பேசினார்கள், மறுத்துப் பேசினார்கள், கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார்கள். வெள்ளாற்று மணலில் நடக்கும் கிரிக்கெட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். "நானும் வரேன், நான்தான் மொதல்ல பேட்டு" என்று போகிறவனை யாரும் சேர்க்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் ஓரத்தில் நின்று, ஸ்கோர் என்ன என்று தெரிந்துகொண்டு, தூரம் போன பந்தை எடுத்து வீசி, நல்ல ஷாட்டுக்கு "செமடா" என்று ஒரு வார்த்தை சொல்லி, ஆள் குறைகிற பக்கத்தில் "ஃபீல்டிங் நிக்கட்டா?" என்று கேட்பவனுக்கு இடம் கிடைக்கும். இதைத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவும் பிள்ளையும் நடித்தே பார்க்கலாம். அக்கா ஒரு டீம், அம்மா ஒரு டீம். சிரிப்பும் வரும், பாடமும் ஏறும். இல்லை என்று சொல்லிவிட்டால் அழாமல் வேறு பக்கம் போவதையும் சேர்த்தே பழக்க வேண்டும். நன்றாகப் பழகத் தெரிந்த பிள்ளைகளையும் பல முறை "வேணாம்" என்றுதான் சொல்கிறார்கள்.

நம் தெரு விளையாட்டுகளிலேயே இதற்கொரு ஏற்பாடு இருந்தது. சின்னப் பிள்ளையையும் தடுமாறுகிற பிள்ளையையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. ஆட்டத்தின் ஓரத்தில் இருந்தே விதிகளையும், விட்டுக்கொடுப்பதையும், தோற்பதையும் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது. கலவையான வயதுப் பிள்ளைகள் ஒன்றாக ஆடியதால் அது நடந்தது. இன்றைக்குப் பள்ளி வேன், டியூஷன், செல்போன் என்று ஒரே வயதுப் பிள்ளைகளோடு மட்டுமே பொழுது போகிறது. "விடுடா, சின்னப் பையன்" என்று சொல்லப் பெரிய பையன் ஒருவன் இல்லாமல் போனான்.

பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்வதைச் சமாளிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். "கண்டுக்காத" என்று நாம் சொல்கிறோம். மூஞ்சி சிவந்துபோய், கண்ணில் தண்ணீர் முட்ட நிற்கிற பிள்ளையால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. கிண்டல் செய்பவனுக்கு வேண்டியதும் அந்த முகம்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நட்புப் பயிற்சி நடத்திவந்த ஃபிரெட் ஃபிராங்கல் சொல்லித்தருவது, சின்னதாக, அலட்சியமாக ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்வது. "அதுக்கென்ன இப்ப?" "இதப் போன வருசமே சொல்லிட்டியே." திருப்பித் திட்டக் கூடாது, குரல் உயரக் கூடாது. வார்த்தைக் கிண்டலுக்கு மட்டும்தான் இது. கை படுகிற இடத்தில், சாதியோ உடல் குறையோ பேசப்படுகிற இடத்தில், இந்தப் பதில் பிள்ளையின் வேலை இல்லை. அங்கே பெரியவர்கள் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. உங்கள் பிள்ளையை வகுப்பில் எல்லாருக்கும் பிடிக்க வைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கூட்டாளி போதும். எர்னஸ்ட் ஹாட்ஜஸ், வில்லியம் புக்கோவ்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒதுங்கி, பயந்து இருக்கிற பிள்ளைகள் மேலும் மேலும் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார்கள். ஆனால் நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தால் அந்தத் தொடர் அறுந்துபோகிறது. பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றால் போதும், உங்கள் பிள்ளை தனி ஆள் இல்லை.

அந்த ஒருவனைப் பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. பெற்றோர் வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான். வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள்: "இவன்கிட்ட யார் கொஞ்சம் நல்லாப் பேசறது?" ஆசிரியருக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போடுங்கள். "அக்கா, சனிக்கிழமை தம்பிய ரெண்டு மணி நேரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்களேன். நானே கொண்டாந்து விட்டுர்றேன்." ஒரு பையன் மட்டும், கும்பல் வேண்டாம். மூன்று பேர் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை விட்டுவிடுவார்கள். உங்கள் பிள்ளை பங்கு தர முடியாத பொருள் எதுவோ, அதை முன்னாலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். குட்டித் தங்கையை அந்த நேரத்துக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்புங்கள். டிவியும் செல்போனும் அணைந்திருக்கட்டும். ஆளுக்கொரு செல்போனைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நட்பாகாது. கேரம் போர்டு, பட்டம், எதுவானாலும் சரி. என்ன விளையாடுவதென்று வந்த பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்பதை உங்கள் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். ஒரு தட்டில் போண்டா வையுங்கள். நீங்கள் அடுப்படியில் இருங்கள், காது மட்டும் வெளியே இருக்கட்டும். இரண்டு மணி நேரம் ஆனதும், இன்னும் விளையாட ஆசை இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பெரிய சண்டை வருவது எப்போதும் மூன்றாவது மணி நேரத்தில்தான்.

திட்டக்குடியில் இதைச் சொல்லும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போக முடியாது. இது தனித்தொகுதி. சுற்றிலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் கிராமங்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கேட்டுவிட்டுத்தான் பல வீடுகள் வாசலைத் திறக்கின்றன. நம் பிள்ளைக்கு மனசுக்குப் பிடித்த ஒரே கூட்டாளி அந்தத் தெருப் பிள்ளையாக இருந்து, "அவனையெல்லாம் வீட்டுக்குக் கூட்டியாராத" என்று நாமே சொன்னால், பிள்ளையைத் தனியாள் ஆக்கியது பள்ளிக்கூடம் இல்லை.

சில பிள்ளைகளுக்குப் பழகுவதில் வருகிற தடுமாற்றத்துக்கு உடம்பிலேயே காரணம் இருக்கும். காதில் அடிக்கடி சீழ் வடிகிற பிள்ளைக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவது கேட்காது. "திமிரு புடிச்சவ" என்று மற்றவர்கள் விலகுவார்கள். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளை பந்தைப் பிடிக்காது. திக்குவாய், ஓரிடத்தில் இருக்க முடியாத துறுதுறுப்பு, ஒரே விஷயத்தையே விடாமல் பேசுவது, கேலி எது நிஜம் எது என்று புரியாமல் இருப்பது, இவற்றையெல்லாம் "அவன் ஒரு மாதிரி" என்ற ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் அனுப்புவார்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளுக்குள் வருகின்றன. காரணம் தெரிந்தபிறகு பிள்ளையைத் திட்டுவது வீட்டில் பாதியாகக் குறையும். அதுவே பெரிய சிகிச்சை.

பள்ளிக்கு வருவோம். "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-ல் சொன்ன கணக்கு அவர்களுக்குத் தெரிய வேண்டும். துன்புறுத்தல் நடக்கும்போது பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். ஐந்தில் ஒரு சம்பவத்தில்தான் யாராவது தடுக்கிறார்கள். ஆனால் தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் அது நின்றுபோனது. பின்லாந்தில் 2006-ல் உருவாக்கத் தொடங்கிய 'கீவா' திட்டம் அடிக்கிறவனையும் வாங்குகிறவனையும் கவனிப்பதோடு நிற்காமல், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைப் பயிற்றுவிப்பதில் கவனம் வைத்தது இதனால்தான். நம் அரசுப் பள்ளிகளில் இதைப் பேசுவதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டங்களில் கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். இடைவேளையில் மைதானத்தில் எந்த ஆசிரியர் நிற்கிறார் என்பதையும் ஒருமுறை கேளுங்கள்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்துவிட்டது. 1996 நவம்பரில், நம் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் 1997-ல் தமிழ்நாட்டில் வந்தது அந்தக் கொலையால். கல்லூரிகளுக்குக் கண் திறந்தது. பள்ளிகளுக்கு? 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். விசாரித்தால், ஒரு பென்சிலைப் பற்றிய தகராறு. அது முந்தைய நாள் தகராறு இல்லை. நாட்கணக்கில் உள்ளேயே புழுங்கிக் கிடந்தது.

2023 ஆகஸ்டில் நடந்த நாங்குநேரிச் சம்பவத்தைப் பெற்றோர் ஒவ்வொருவரும் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், உடன் படித்தவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அன்றிரவே தொல்லை கொடுத்தவர்கள் அவர் வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர் பிழைத்து, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, 500-க்கு மேல் மாணவர் உள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் என்று பரிந்துரைகள் நீண்டன.

நாங்குநேரிப் பிள்ளை செய்தது சரி. பெரியவர்களிடம் சொன்னார். சொன்ன பிறகு அன்றைக்கு இரவு அவர் வீட்டு வாசலில் யாரும் இல்லை. புகார் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற பள்ளிகளும் பெற்றோரும் யோசிக்க வேண்டிய இடம் அது. நீங்கள் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனால் தேதி, இடம், நடந்தது எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையையும் அடித்த பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்தி "ரெண்டு பேரும் கை குடுங்கடா" என்று முடித்துவைக்க விடாதீர்கள். சம சண்டைக்கு அது சரி. பயந்துபோன பிள்ளைக்கு அது இரண்டாவது தண்டனை. புகார் சொன்னது யாரென்று வகுப்பில் சொல்லப்போகிறீர்களா, நாளை முதல் இவன் யார் பக்கத்தில் உட்காருவான், சாயந்திரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் யார் கூட வருவார்கள், அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் யார், எப்போது பேசுவார்கள், ஒரு வாரம் கழித்து நான் யாரிடம் வந்து கேட்க வேண்டும் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் வாங்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். பதில் வரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், செத்துப்போறேன் என்று சொல்கிற நிலை வந்தால் அன்றைக்கே மனநல உதவிக்கு 14416. மூன்றும் கட்டணம் இல்லாதவை. அழைக்கும்போது பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.